சட்டைப் பெட்டிகள் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஹாலைத் திறந்துவிடுங்கள்

எங்கள் கம்பெனியின் சமூகநலக் குழுவில் இருக்கும் ஐயாமாருக்கும் மேடங்களுக்கும் வணக்கம்.

நான் செக்கிங் பிரிவில் பதினோரு வருடமாக வேலை செய்கிறவள். போன சனிக்கிழமை சம்பளக் கவரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது நோட்டீஸ் போர்டில் உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். ஆர்டர் ரத்தாகி கோடவுனில் தேங்கிக் கிடக்கும் 8,000 டி-ஷர்ட்டுகளை உகாண்டாவில் உள்ள அகதி முகாமுக்கு அனுப்பப் போகிறோம், ஆகவே அங்கிருக்கும் பெண்பிள்ளைகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்கள் சேர்ந்து மாதவிலக்குத் துணிப் பை தைக்கும் வேலை இனி தேவையில்லை, தையல் மிஷின்கள் இருக்கும் பவர் டேபிள் ஹால் ஞாயிறன்று பூட்டப்படும் என்று அதில் இருந்தது. கடைசி வரியில் எங்களுக்கு நன்றி சொல்லியிருந்தீர்கள்.

கெட்ட எண்ணத்தில் எடுத்த முடிவு இல்லை என்று எனக்குத் தெரியும். நாற்பது பேர் லீவு நாளில் வந்து எழுபது பை தைப்பதைவிட, 8,000 சட்டை ஒரே கன்டெய்னரில் போய்ச் சேருவது பெரிய உதவி என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கணக்கு தப்பு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். மேனேஜரிடம் நேரில் சொல்லாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். திருப்பூரில் இன்னும் எத்தனையோ பனியன் கம்பெனிகளில் இதே நல்ல மனதோடு பெட்டி கட்டுகிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான்.

எனக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம் கீச்சாங்குப்பம். 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பன்னிரண்டு வயது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் வீட்டில் பாட்டியும் தம்பியும். அவர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதற்கப்புறம் வந்த துணிகளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

லாரி லாரியாகத் துணி வந்தது. இறக்கி வாங்க ஆள் இல்லாத இடங்களில் ரோட்டோரமாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். கிழிந்த பேன்ட், ஒற்றை சாக்ஸ், குளிருக்குப் போடுகிற கோட்டு, ஜரிகை உதிர்ந்த கல்யாணப் புடவை. மழையில் நனைந்து நாற்றம் எடுத்தது. ஆடுகள் மேலே ஏறி நின்றன. எங்கள் ஜனங்கள் அதில் கை வைக்கவில்லை. முந்தின வாரம்வரை கடலுக்குப் போய்ச் சம்பாதித்துத் தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்தவர்கள். அடுத்தவர் உடுத்திக் கழித்ததை ரோட்டில் பொறுக்கி எடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. அப்படி வேண்டாம் என்று கிடந்த துணிகளைத் தரம் பிரிக்கும் வேலையைப் பிறகு டெல்லியிலிருந்து வந்த கூஞ்ச் அமைப்பு எடுத்துக்கொண்டது. அதைத் தொடங்கிய அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கொடுத்தார்கள். பழைய பருத்தித் துணியைச் சுத்தம் செய்து, மாதவிலக்குக்குப் பயன்படும் துணியாக மாற்றிப் பெண்களுக்குக் கொடுக்கும் வேலையையும் அந்த அமைப்பு செய்துவருகிறது.

அந்தக் குவியலில் சேராத ஒன்று என் கைக்கு வந்தது. தார் ஷீட் போட்ட தற்காலிகக் கொட்டகையில் நாங்கள் இருந்தபோது, பள்ளிக்கூடத்தில் ஆளுக்கு ஒரு பார்சல் கொடுத்தார்கள். என்னுடையதில் கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர். மஞ்சள் நிறம், நெஞ்சில் ஒரு நீல வாத்து. கழுத்துப் பட்டைக்குள் சின்ன அட்டை ஒன்றைப் பின் குத்தி வைத்திருந்தார்கள். டீச்சர் படித்து அர்த்தம் சொன்னார். ஏதோ ஒரு வெளிநாட்டு அலுவலகத்தில் ஒன்றாக வேலை பார்க்கும் பெண்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பின்னியதாம். இன்றைக்கு நான் தினமும் நூற்றுக்கணக்கான உருப்படிகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அந்த ஸ்வெட்டரில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கவில்லை. உள்பக்கம் நூல் முடிச்சைக்கூட உடம்பில் உறுத்தாதபடி உள்ளே செருகியிருந்தார்கள்.

நாகப்பட்டினத்தில், தார் ஷீட் கூரைக்கு அடியில், பங்குனி வெயிலில் கம்பளி ஸ்வெட்டர். ஒரு நாள் ஆசையாகப் போட்டுப் பார்த்தேன், கழுத்தெல்லாம் வேர்க்குரு. அம்மா மறுபடி மீன் விற்கப் போக ஆரம்பித்தபோது அதைச் சுருட்டி முடிந்து சும்மாடாக வைத்துக்கொண்டாள். நாலு வருடம் மீன் கூடைக்கு அடியில், அவள் தலைமேல் இருந்தது. கடைசியில் வாத்தும் தெரியவில்லை, மஞ்சளும் தெரியவில்லை.

பின்னியவர்கள்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை. முகம் தெரியாத பிள்ளைக்காகத் தங்கள் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்தவர்கள். ஆனால் அதே கொட்டகையில்தான் நான் வயதுக்கு வந்தேன். அன்றைக்கு அம்மாவிடம் கிழித்துக் கொடுக்க ஒரு பழைய பருத்திப் புடவை இல்லை. பெட்டியும் புடவையும் கடலோடு போய்விட்டன. நாலு கொட்டகை தள்ளி ஒரு அத்தையிடம் அரைத் துண்டு கேட்டு வாங்கி வந்தாள். அந்த அலுவலகப் பெண்கள் பின்னல் ஊசியை எடுக்குமுன் எங்கள் தெருவில் யாராவது ஒருத்தியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவள் சொல்லியிருப்பாள்: கம்பளி வேண்டாம்மா, பருத்தித் துணி இருந்தால் கொடுங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கேளுங்கள்.

பவர் டேபிள் பிரிவில் ஓர் அக்காவின் சித்தி மகள் கன்னியாஸ்திரி. உகாண்டாவின் வடமேற்கு மூலையில், யும்பே மாவட்டத்தில் இருக்கும் பிடிபிடி முகாமில் பள்ளிக்கூட வேலை. தெற்கு சூடானில் நடந்த சண்டைக்குத் தப்பி வந்தவர்களுக்காக 2016 ஆகஸ்டில் திறந்த முகாம் அது. அந்த வருடம் முடிவதற்குள்ளேயே இரண்டு லட்சத்துக்கும் மேல் ஜனம் வந்து சேர்ந்துவிட்டது. சிஸ்டர் லீவில் ஊருக்கு வந்தபோது எங்களைப் பார்க்க வந்தார். மாதத்தில் சில நாள் பெரிய பெண்பிள்ளைகள் வகுப்புக்கே வருவதில்லை, வந்தாலும் கரும்பலகைக்குக் கூப்பிட்டால் எழுந்து நிற்க மாட்டார்கள் என்று சொன்னார். அன்றைக்கு டீ குடித்துக்கொண்டிருந்த, டெய்லருக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பெண்கள்கூடக் கப்பைக் கீழே வைத்துவிட்டார்கள். எங்களில் யாருக்குத்தான் அது புரியாது?

டேஸ் ஃபார் கேர்ல்ஸ் என்ற அமைப்பின் துணி நாப்கின் மாதிரியை சிஸ்டர்தான் காட்டினார். 2008இல் கென்யாவில் ஓர் அநாதை இல்லத்துப் பெண்பிள்ளைகளுக்காக செலஸ்ட் மெர்ஜென்ஸ் என்ற அமெரிக்கப் பெண் தொடங்கியது. அவர் முதலில் கொடுத்தது கடையில் விற்கும் நாப்கின். பயன்படுத்தியதைப் போட இடமில்லாமல் பிள்ளைகள் கம்பி வேலியில் செருகி வைத்தார்களாம், கக்கூஸ் அடைத்துக்கொண்டதாம். அதற்கப்புறம்தான் துவைத்துத் திரும்பப் போடும் துணிக்கு மாறினார்கள். முதலில் தைத்தது வெள்ளைத் துணி. கறை தெரிகிறது, வெளியே காயப்போட வெட்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள், மாற்றினார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டு இருபதுக்கும் மேற்பட்ட முறை அளவையும் வடிவத்தையும் திருத்தியிருக்கிறார்கள்.

இப்போது இருக்கிற வடிவத்தை எங்கள் கட்டிங் மாஸ்டர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, போட்டவன் மூளைக்காரன் என்றார். போட்டது பெண்கள்தான் மாஸ்டர் என்று சொன்னோம். வெளிப்பாகம் அடர்ந்த பூப்போட்ட பருத்தி, உள்ளே தண்ணீர் கசியாத துணி, இரண்டு முனையிலும் ஒரு பாக்கெட். அந்தப் பாக்கெட்டில் செருகும் உள் துண்டு ஃபிளானல் என்கிற மெத்தென்ற துணி. மூன்றாக மடித்துச் செருக வேண்டும். துவைத்து விரித்தால் வெறும் சதுரத் துணி, கைக்குட்டை மாதிரி இருக்கும். கொடியில் காயும்போது அது என்னவென்று தெருவில் போகிற எவனுக்கும் தெரியாது. பழைய துணியைப் பாயின் அடியில் ஒளித்து ஈரத்தோடு எடுத்துப் போட்ட காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. அதனால்தான் அந்த மடிப்பைப் பார்த்ததும் எங்கள் அக்கா ஒருத்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒரு பைக்கு வெளிப்பாகம் இரண்டு, உள் துண்டு எட்டு, ஜட்டி இரண்டு, ஒரு சோப்பு, ஒரு சின்னத் துண்டு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் இரண்டு. கவருக்குள் துணியைப் போட்டுக் கொஞ்சம் தண்ணீரும் சோப்பும் விட்டுக் குலுக்கித் துவைத்துவிடலாம். ஆரம்ப வருடங்களில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய முகாம் அது. எல்லாவற்றையும் போட ஒரு சுருக்குப்பை. நம் ஆத்தாக்கள் இடுப்பில் செருகியிருப்பார்களே, அதே சுருக்குப்பைதான், கொஞ்சம் பெரிது. பார்த்துத் துவைத்துப் போட்டால் மூன்று வருடம் வரும்.

நாங்களும் தப்பு செய்தோம். முதல் ஞாயிறு, சுத்தம் என்றால் வெள்ளை என்று நினைத்து வெள்ளை ஃபிளானலாக ஈரோட்டு ஜவுளிச் சந்தையிலிருந்து வாங்கி வந்து, முப்பது செட் தைத்து முடித்தபிறகுதான் சிஸ்டருக்குப் படம் அனுப்பினோம். முதலில் கேட்காமல் தைத்துவிட்டீர்களே என்றார். அடுத்தது, கம்பெனியே பெருந்தன்மையாகக் கொடுத்த ரோல் மீதித் துணி. பச்சையும் பழுப்புமாக மிலிட்டரி பிரிண்ட். கறை தெரியாது, நல்ல அடர்த்தி, பை தைக்க அருமையான துணி. இருபது சுருக்குப்பை தைத்தோம். சிஸ்டர் உடனே போன் பண்ணினார். உகாண்டாவில் ராணுவ உடை மாதிரியான துணியைப் பொதுஜனங்கள் உடுத்தினால் குற்றம், போலீஸ் பிடிக்கும். சண்டையில் இருந்து ஓடிவந்த பிள்ளை கையில் அந்தத் துணியில் ஒரு பையா என்று கேட்டார். எங்களுக்குப் பேச்சே வரவில்லை. இருபதையும் பிரித்துப்போட்டோம்.

வெளிப்பாகத்தை ஜட்டியில் மாட்டும் டிச் பட்டனும் அப்படித்தான். இரும்புப் பட்டன் துருப்பிடிக்கும் என்று பிளாஸ்டிக்குக்கு மாறினோம். பனியன் துணி இழுபடும், வெளிப்பாகத்துக்கு ஆகாது என்று எங்களுக்கே தெரியும். ஆனால் ஜட்டிக்கு நம்மைவிட நல்ல துணி யாரிடம் இருக்கிறது? ஜட்டியில் மட்டும் சிஸ்டர் ஒரு குறை சொல்லவில்லை. பிசிறு வெட்டி, இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, ஏற்றுமதிக்குப் போகிற உருப்படியைப் பார்க்கிற அதே கண்ணால்தான் ஒவ்வொன்றையும் பார்த்தோம். எழுபது பை சிஸ்டரின் இரண்டு பெட்டியில் போனது.

சரி, இப்போது அந்த 8,000 சட்டைக்கு வருகிறேன்.

உகாண்டாவில் சட்டைக்குப் பஞ்சமில்லை. கம்பாலாவில் ஓவினோ என்று ஒரு சந்தை இருக்கிறது, மேல்நாடுகளில் கழித்த துணி மூட்டை மூட்டையாக வந்து விற்கிற இடம். கானாவில் கண்டமாண்டோ சந்தைக்கு வாரம் ஒன்றரைக் கோடி உருப்படி வருவதாக அங்கே வேலை செய்யும் அமைப்பு ஒன்று மதிப்பிட்டிருக்கிறது. இப்படி வந்து குவிகிற துணியால் உள்ளூர் நெசவும் தையலும் படுத்துவிட்டன என்றுதான் 2016இல் கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து பழைய துணி இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்துவது என்று முடிவு செய்தன. அமெரிக்கா வர்த்தகச் சலுகையைப் பறிப்பேன் என்றதும் மற்ற நாடுகள் பின்வாங்க, ருவாண்டா மட்டும் வரியைக் குறைக்க மாட்டேன் என்று நின்றது. 2018இல் ஆயத்த ஆடைச் சலுகையை இழந்தது.

நம்முடையது பழசில்லையே, புதுச் சட்டைதானே என்று நீங்கள் சொல்வீர்கள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. நாளைக் காலையில் வெளிநாட்டிலிருந்து 8,000 புது பனியன் நம் ஊர் பனியன் சந்தையான காதர்பேட்டைக்கு வந்து இறங்கி, போகிற வருகிறவருக்கெல்லாம் சும்மா கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே கடை போட்டிருப்பவர்களும் அவர்களுக்குத் தைத்துக் கொடுப்பவர்களும் அன்றைக்கு யார் முகத்தில் முழிப்பார்கள்? பிடிபிடியிலும் தெருவோரத்தில் கால் மிஷின் வைத்துப் பிழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். சிஸ்டர் போன வாரம் ஒரு படம் அனுப்பினார். மரத்தடியில் மேசை, மேசைமேல் மிஷின், மடியில் குழந்தையோடு ஒரு பெண் பள்ளிச் சீருடை தைக்கிறாள். 2011இல் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியின் பெயரை ஜெயித்ததாக அச்சடித்த ஒரு லட்சம் உருப்படிகளை வேர்ல்ட் விஷன் என்ற தொண்டு அமைப்பு ஏழை நாடுகளுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தபோது, உதவிப் பணி செய்கிறவர்களே எழுந்து கேள்வி கேட்டார்கள். அவர்கள் கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். இந்தச் சட்டை வேண்டும் என்று அங்கே யார் சொன்னார்கள்?

உங்களில் ஒரு மேடம், சட்டை வேண்டாம் என்றால் கடை நாப்கினாக வாங்கி அனுப்பிவிடலாமே என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எரிக்கவும் புதைக்கவும் வசதியில்லாத இடத்துக்கு அது வேண்டாம் மேடம். கென்யா வேலியில் செருகியிருந்தது அதுதான். மூன்று மாதத்தில் தீர்ந்தும்போகும்.

இதை எல்லாம் சொல்லிவிட்டு எங்கள் பையை மட்டும் உசத்தி என்று சொன்னால் அது நியாயமில்லை. உகாண்டாவிலேயே ஆஃப்ரிபேட்ஸ் என்ற கம்பெனி 2010 முதல் துவைத்துப் போடும் நாப்கின் தயாரிக்கிறது, உள்ளூர்ப் பெண்கள்தான் தைக்கிறார்கள். அப்படியிருக்க, தைத்து முடித்த பையைத் திருப்பூரிலிருந்து நாம் எதற்கு அனுப்ப வேண்டும் என்று எங்களுக்குள்ளேயே போன மாதம் பெரிய வாக்குவாதம். சிஸ்டரிடமே கேட்டோம். அவர் முகாமில் இருக்கும் தையல் குழுப் பெண்களிடம் கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துச் சொன்னார்: தைக்க எங்களுக்குக் கை இருக்கிறது. கசியாத துணி, பிளாஸ்டிக் பட்டன், பட்டன் அடிக்கிற கருவி, நல்ல நூல் கோன், மிஷின் ஊசி, இவைதான் இங்கே கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை கட்டுவதில்லை. அளவு பிசகாமல் வெட்டிக் கொடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு மடங்கு தைப்போம்.

அளவு பிசகாமல் வெட்டுவது! திருப்பூரில் வேறு என்ன இருக்கிறது ஐயா? கட்டிங் ஒரு இடம், தையல் ஒரு இடம், பட்டன் ஒரு இடம் என்று ஜாப் ஒர்க்கில் வளர்ந்த ஊர் இது. கட்டிங் மாஸ்டர் கேட்டதுமே சார்ட் பேப்பரை எடுத்துவிட்டார். அடுக்கி வெட்டி, நம்பர் போட்டு, கட்டுக் கட்டாக நாம் அனுப்பினால், தையல் பிடிபிடியில் நடக்கும். தைக்கிற பெண்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கலாம். பக்கத்து ஊர் கோயம்புத்தூரில் மலிவு விலை நாப்கின் மெஷினை உருவாக்கிய முருகானந்தம் ஐயா செய்ததும் இதே வழிதானே. நாப்கினைச் செய்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருக்காமல் மெஷினைக் கொடுத்தார், அங்கங்கே பெண்களே செய்து விற்றார்கள்.

கட்டிங் போக, கைத்தையலுக்கும் வேலை இருக்கிறது. சுருக்குப்பையை மட்டும் நீங்களே தைத்து அனுப்புங்கள் என்று அந்தப் பெண்களே கேட்டிருக்கிறார்கள். போன தடவை எங்கள் அக்கா ஒருத்தி பையின் ஓரத்தில் சங்கிலித் தையலில் சின்னதாகக் கோலம் போட்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பைதான் வேண்டும் என்றார்களாம். இந்த முறை எல்லாப் பையிலும் கோலம். டிசைன் சரிதானா என்று முன்கூட்டியே படம் அனுப்பிக் கேட்டுவிட்டோம்.

பண விஷயம். கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி சமூகநலத்துக்கு லாபத்தில் ஒதுக்குகிற 2 சதவீதத்தில் வெளிநாட்டு வேலையைக் காட்ட முடியாது என்று அக்கவுண்ட்ஸ் தம்பி எங்களுக்கு விளக்கிச் சொன்னார். புரிகிறது, அந்தப் பணத்தை நாங்கள் கேட்கவில்லை. அந்த 8,000 சட்டையை இங்கேயே காதர்பேட்டை விலைக்குத் தள்ளிவிடுங்கள். கன்டெய்னருக்கும் தூத்துக்குடி வரை லாரிக்கும், கென்யாவின் மொம்பாசா துறைமுகத்தில் இறக்கி உகாண்டா எல்லை தாண்டிக் கொண்டுபோவதற்கும் ஆகும் செலவு மிச்சம். அதில் ஒரு பங்கு போதும், கசியாத துணிக்கும் ஊசிக்கும் அங்கே தைக்கிறவர்களின் கூலிக்கும். மற்றபடி ரோல் மீதி, இரண்டு கட்டிங் டேபிள், ஞாயிறு காலை ஒன்பது முதல் ஒரு மணிவரை கரண்ட். மிலிட்டரி பிரிண்ட் மட்டும் வேண்டாம்.

ஒரு விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்காது. வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் ஏன் வருகிறீர்கள் என்று சூப்பர்வைசர் அண்ணன் எங்கள் கைமடிப் பிள்ளை ஒருத்தியிடம் கேட்டார். ஒடிசாவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பிள்ளை, தமிழ் இன்னும் கொச்சையாகத்தான் வரும். வாரம் பூரா என் கையில் போகிற உருப்படியை யார் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, இது யாருக்கு என்று தெரியும் என்றாள்.

மறுபடி லீவில் ஊருக்கு வரும் சிஸ்டர் அடுத்த மாதம் 18ஆம் தேதி திரும்பிப் போகிறார். கட்டிங்குக்கு ஒரு ஞாயிறு, பைக்கு ஒரு ஞாயிறு, பட்டன் எண்ணிக் கட்டுப்போட ஒரு ஞாயிறு என்று மாஸ்டர் மூன்று வாரம் கேட்கிறார். வருகிற ஞாயிறே தொடங்கினால்தான் முடியும். ஹால் சாவியை யாரிடம் வாங்கிக்கொள்வது என்று சனிக்கிழமை சம்பள நேரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமைத் தையல்காரர்கள் நாற்பது பேர் சார்பாக,
செக்கிங் பிரிவுத் தொழிலாளி,
திருப்பூர்.